சுரபுன்னைக் காட்டில் தொலைந்தவன்

தில்லைவனம் குருவின் குடிசைக்கு ஓடி வந்தபோது வேட்டியெல்லாம் சேறு. கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

"சாமி, தம்பியைக் காணோம். நேத்து நண்டு பிடிக்கக் காட்டுக்குள்ள போனவன் திரும்பல. சங்கு ஊதி ஊதிப் பார்த்துட்டேன். பதிலே இல்லை."

தம்பி என்று அவன் வாயால் சொல்லிக் கேட்டே பல வருஷமாகிறது. அப்பா செத்த பிறகு ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. பேச்சுவார்த்தை கிடையாது.

கழிமுகச் சேற்றில் வேரூன்றி நிற்கும் அந்தச் சுரபுன்னைக் காடும் லேசுப்பட்டதல்ல. ஒரு வாய்க்கால் இரண்டாகும், இரண்டும் நாலாகும், கால் நுழையாத ஓடைகூட அப்படியே கிளைவிடும். ஒன்றின் வளைவு இன்னொன்றுக்கு இருக்காது.

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"காட்டைத் தாண்டிக் கடல் பக்கம் போயிருப்பான்னு எல்லாப் படகும் அங்க போயிருக்கு. நானும் போகவா?"

குரு அவனுடைய படகில் ஏறி உட்கார்ந்தார். காட்டின் வாய்க்கு வந்ததும் துடுப்பை வாங்கித் தண்ணீரை ஓங்கி அடித்தார். அலை கிளம்பி வேர்களுக்குள் புகுந்தது. வேருக்கு வேர் மோதி, உடைந்து, திரும்பி, சற்று நேரம் அங்கேயே தளும்பியது. பிறகு அடங்கிவிட்டது.

"கடலுக்குப் போச்சா?"

"இல்லை சாமி. இங்கயே நின்னுடுச்சு."

"உன் தம்பி மட்டும் போயிடுவானா? பக்கத்துல தேடு."

பக்கத்தில்தான் இருந்தான் தம்பி மணவாளன். சில வளைவுகள் தாண்டி, இடுப்பளவுச் சேற்றில், ஒரு வேரைக் கட்டிக்கொண்டு நின்றான். நண்டு பிடிப்பவர்கள் வழி பிரியும் இடத்தில் அடையாளத்துக்கு ஒரு கிளையை ஒடித்துவிடுவார்கள். அவனும் ஒடித்திருக்கிறான். பாவம், சுற்றிச் சுற்றி வந்து தான் ஒடித்ததையே பார்த்து, யாரோ முன்னால் போகிறார்கள் என்று நம்பி, அதன் பின்னாலேயே அலைந்திருக்கிறான்.

"அண்ணே" என்றான். தில்லைவனம் அவனைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

கரையேறிய பிறகும் தில்லைவனத்துக்கு மனம் ஆறவில்லை.

"சாமி, அவனும் கத்தியிருக்கான், நானும் ஊதியிருக்கேன். கூப்பிடு தூரம்தானே? ஏன் கேட்கலை?"

குரு துடுப்பிலிருந்த சேற்றைக் கழுவினார்.

"ஒரே வீட்டுக்குள்ள இருந்தப்ப கேட்டுச்சா?"