நடுவில் பிடிபட்ட கம்பி

கம்பிக்கும் காந்தத்துக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மின்னோட்டத்துக்குத் துடியன் என்று பெயர். கண் சிமிட்டுவதற்குள் ஓராயிரம் முறை போய்த் திரும்புவான். நிற்கச் சொன்னால் அழுதேவிடுவான்!

அவன் முழுப் பலத்தோடு பாய்ந்தால் கருவிகள் கருகிவிடும். அதனால் அவனை அடக்க, எனாமல் பூச்சைச் சட்டையாகப் போட்ட நீளமான தடைக்கம்பி ஒன்றை வைத்திருந்தாள் பூவாயி. கம்பி சுற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பீங்கான் தண்டில் ஒரே திசையில், சுற்றோடு சுற்று ஒட்டி, அத்தனை அழகாகச் சுற்றுவாள்.

வினையே அந்த அழகால்தான் வந்தது! துடியன் ஓட ஓட, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காந்தம் எழுந்தது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றதால் கைகோத்துக்கொண்டு பெரிய காந்தமாகிவிட்டன. துடியன் திரும்ப நினைத்தபோதெல்லாம் அது, "இருடா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, அடங்கிப் போகச் சொன்ன, போறேன். ஆனா இது என்னைப் பிடிச்சு வைக்குதே!" என்று கதறினான் துடியன்.

பூவாயி இன்னும் நெருக்கமாகச் சுற்றினாள். காந்தம் இன்னும் கொழுத்தது!

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "எல்லாம் உன்னாலதான்! உலையில போட்டு உருக்கிட்டு மறுவேலை பாக்கறேன்" என்று கம்பியைத் தண்டிலிருந்து உருவி, நடுவில் பிடித்துத் தூக்கினாள். பாவம் கம்பி, அது என்ன செய்யும்?

ஆனால் அதன் இரு முனைகளும் இன்னும் துடியன் வந்துபோகும் வாசலில்தான் கட்டப்பட்டிருந்தன. கம்பி இரண்டாய் மடிந்து தொங்க, துடியன் ஒரு பக்கம் ஏறி, ஒட்டினாற்போல் மறுபக்கம் இறங்கினான். போகும்போது எழுந்த காந்தமும் வரும்போது எழுந்த காந்தமும் எதிரெதிரே முட்டிக்கொண்டு சுருண்டு விழுந்தன!

"அக்கா, கையை எடுத்துராத! இப்படியே மடிச்சபடி சுத்து!" என்று கத்தியது கம்பி.

"மடிச்சா நீ பாதியாயிட மாட்டியா? அப்புறம் இவனை யார் அடக்குறது?"

"நான் என்ன அறுந்தா போயிட்டேன்? அவன் என் முழு நீளத்தையும் ஓடித்தானே ஆகணும்!"

பூவாயிக்கு அப்போதுதான் புரிந்தது. மடிப்பைத் தண்டின் ஒரு முனையில் பொருத்தி, இரண்டு இழைகளையும் சேர்த்துப் பரபரவென்று சுற்றினாள். துடியன் ஓடினான், திரும்பினான், மறுபடி ஓடினான்.

"துளியூண்டுதான் பிடிக்குதுக்கா! போய்ட்டுப் போய்ட்டு வர்றேன்!" என்று கூத்தாடினான்.

பூவாயி அந்த மடிப்பைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். "உன்னையா உருக்கப் பாத்தேன்!" என்று அழுதாள்.

துடியனைத் தாமதப்படுத்தாமல் அடக்க வேண்டிய இடத்தில், கம்பியை முதலில் இரண்டாய் மடித்துச் சுற்றும் வழக்கம் அன்று தொடங்கியதுதான். உலைக்குப் போக இருந்த கம்பி எந்த இடத்தில் பிடிபட்டதோ, அந்த இடத்திலிருந்துதான் இன்றைக்கும் அந்தச் சுற்று ஆரம்பிக்கிறது.