சலித்துக் கொட்டிய தூள்

“இதுவும் உடைஞ்சு போச்சு அம்மணி. பசை இல்லாம எப்படி ஒட்டும்?” என்றார் செங்கோடன்.

நார் மில் வேலைநிறுத்தத்தில் வெளியே தள்ளப்பட்டவர்களைச் சேர்த்து அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் கொட்டகை அது. தோப்புகளில் வீணாய்க் கிடக்கும் தேங்காய் மட்டையை அழுத்திப் பலகையாக்கி, பெஞ்சும் கதவும் செய்யப் போகிறார்கள்.

செய்த பலகையெல்லாம் உடைந்தது. இன்னும் ஒரு பலகைக்குத்தான் நார் இருந்தது; மறுபடி மட்டை ஏற்றிவர வண்டிக் கூலிக்கும் காசில்லை. அதுவும் உடைந்தால், எல்லோரும் பழைய முதலாளியின் கேட்டில் போய்க் கும்பிட்டு நிற்க வேண்டும்.

நாச்சம்மாள் அவருக்கு மகள் வயதுக்காரி. பலகைத் தொழில் சொல்லிக்கொடுக்க அன்றுதான் வந்திருந்தாள். உடைந்த துண்டைப் பிய்த்துப் பார்த்தாள். நார் நாராக உதிர்ந்தது.

“மட்டையை என்னங்ணா பண்ணுனீங்க?”

“அடிச்சு, தூளைச் சலிச்சு, சுத்தமா நாரை மட்டும் எடுத்தேன். மில்லுல காலமெல்லாம் செஞ்ச வேலை. அதுல எனக்கே பாடமா?”

“தூளு?”

“அது குப்பை. நம்ம கேட்டோரமாக் கொட்டியாச்சு.”

அவள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். செங்கோடன் பின்னாலேயே போனார்.

தூள் குன்றாய்க் கிடந்தது. கேட்டுக்கு வெளியே ராமாத்தாளும் சிலரும் நின்றிருந்தார்கள்.

“அவங்க யாருங்ணா?”

“போராட்டத்துல பாதியில வேலைக்கு ஓடின துரோகிக. இப்ப அங்கேயும் தொரத்திட்டாங்கன்னு இங்க வந்து நிக்கறாங்க. என் சங்கத்துல இவங்களுக்கு எடம் கெடையாது.”

“என்னங்ணா,” என்று ராமாத்தாள் குரல் கொடுத்தாள், “பலகை நிக்குதா? இல்ல, உங்களாட்ட வெறப்பா நின்னு ஒடஞ்சுதா?”

செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாச்சம்மாள் கூடை நிறையத் தூளை அள்ளினாள். உள்ளே வந்து, கடைசி நாரின் மேல் கொட்டிப் பிசைந்தாள்.

“அய்யோ! குப்பையைத் திருப்பிப் போடறியே அம்மணி! இருக்கறதே இதுதான்!”

“பிரஸ்ஸைச் சூடேத்துங்க.”

இரும்புத் தட்டுகள் இறங்கின. வெல்லம் கருகுவது போல் வாசனை கிளம்பியது. ஆறும்வரை காத்திருந்தார்கள்.

தட்டைத் தூக்கினார்கள். கருத்த பலகை. விளிம்பைத் தட்டினால் கல் மாதிரி சத்தம்.

இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார்கள். செங்கோடன் ஒரு காலை வைத்தார். மறு காலையும் வைத்தார். வளையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு குதி குதித்தார்.

“நிக்குதுடா!”

கொட்டகை முழுக்க விசில். யாரோ தகரத்தைப் பறையாக்கி அடித்தார்கள். மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் மறுபடியும் குதித்தார்.

“பசையே போடலியே அம்மணி! எது இதைப் புடிச்சு வெச்சிருக்குது?”

“தூளுக்குள்ளயே பசை இருக்குதுங்ணா, சூட்டுல இளகிப் புடிச்சுக்கிச்சு. நீங்க வெளிய கொட்டினதுதானுங்ணா.”

செங்கோடன் குதிப்பதை நிறுத்தினார். திறந்திருந்த வாசல் வழியே கேட்டைப் பார்த்தார். ராமாத்தாளும் மற்றவர்களும் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

பிறகு, பலகையை விட்டு இறங்காமலே கத்தினார்.

“ஏ ராமாத்தா! அங்க நின்னு என்ன வாயடிக்கறே? வந்து நீயும் ஏறு! ரெண்டு பேரைத் தாங்குதான்னு பாக்கணும்!”