டிக்கியில் இருந்த ஸ்டெப்னி

ஆஸ்பத்திரி சர்வரில் நோயாளிகளின் ஸ்கேன் படங்களை நாலு டிஸ்க்குகள் ரெய்டு என்ற முறையில் ஒன்றுக்கொன்று துணையாகச் சேர்ந்து காக்கின்றன. ஒன்று கெட்டால் அதன் இடத்தைப் பிடிக்க ஐந்தாவது ஒன்று காத்திருக்கும். மேலாளர் தணிகாசலத்தின் கண் அதன்மேல் விழுந்தது.

"சும்மாதானே கிடக்கு? என் பையன் கம்ப்யூட்டருக்கு ஆகும். கழட்டி என் கார் டிக்கியில வை" என்று சாவியை வீசினார். டெக்னீஷியன் பவுலின் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. அடுத்தவன் உயிர் என்றால் அவ்வளவு அலட்சியம்.

சாயங்காலம் எல்லார் முன்னாலும் வந்து கத்தினார். "டிக்கியில டிஸ்க்கும் இல்ல, என் ஸ்டெப்னி டயரும் இல்ல. யார் கழட்டினது?"

"நான்தான் சார். சும்மாதானே கிடந்துச்சு" என்றார் பவுலின்.

"வழியில பஞ்சரானா நான் நடுரோட்டுல நிக்கவா?"

"நீங்க இறங்கி நடந்துடலாம் சார். இங்க டிஸ்க்கு போய் ஸ்கேன் படம் வராட்டி, ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கிறவர் எங்க இறங்கி நடப்பாரு?"