மேகம் வந்தால் விடுமுறை

“தீவுக்குப் போற கூட்டத்துக்கு இந்த வருஷம் ஒரு முன்பறவை வேணுமாம்!” என்றது ஒரு மடையான் கொக்கு.

“வேணும்தான். பயிற்சியில மொத்தம் நூறு நாழிகை பறந்திருக்கணுமாமே! ஆகாயத்துல குடித்தனமா நடத்த முடியும்?” என்றது இன்னொன்று.

அலையாத்திக் காட்டின் வேர் ஒன்றில் உட்கார்ந்திருந்த இளம் கடற்காகம் வெண்ணியின் காதில் இது விழுந்தது. மழைக்காலம் தொடங்கும்போது சிறு பறவைகள் கடல் தாண்டித் தீவுக்குப் போகும். முன்பறவை காற்றைக் கிழித்துக்கொண்டு போனால்தான் பின்னால் வரும் குஞ்சுகள் பிழைக்கும். அந்த இடத்தில் பறக்க வேண்டும் என்பதே வெண்ணியின் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை.

அன்றே, இன்னொரு கடற்காகமான நண்பன் கூரனோடு பறக்கப் பழக்கும் பள்ளி தேடிக் கிளம்பியது.

பாறை உச்சியில் பருந்தின் பள்ளி இருந்தது. “வாங்க, வாங்க! வெயில் ஏறினால் சூடான காற்று மேலே கிளம்பும். இறக்கையை விரித்தால் போதும், அதுவே தூக்கிக்கொள்ளும். சீக்கிரமே நூறு நாழிகை!” என்றது பருந்து.

“இதுதான் பள்ளி!” என்று கூரன் துள்ளியது.

வெண்ணி, இறங்கி வந்த மாணவர்களைப் பார்த்தது. ஒன்றுக்குக்கூட மூச்சு வாங்கவில்லை.

“ஐயா... வானம் மூடிக்கொண்டால்?” என்று மெல்லக் கேட்டது.

“மேகம் வந்தால் விடுமுறை!” என்று சிரித்தது பருந்து.

கூரன் அங்கேயே சேர்ந்துகொண்டது. வெண்ணி வணக்கம் சொல்லிவிட்டுக் கீழே வந்தது.

சேற்றுத் திட்டில் உப்புக்கொத்திப் பறவையின் பள்ளி. அங்கே மேகம் வந்தால்தான் வகுப்பே தொடங்கும்.

“இங்கே நாழிகை மெதுவாகத்தான் சேரும். எதிர்க்காற்றில் இறக்கை அடிக்கணும். அழுதால் அனுப்பிவிடுவேன்!” என்றது உப்புக்கொத்தி.

“அழுதுகொண்டே அடிக்கலாமா?”

“அது உன் இஷ்டம்!”

வெண்ணி சேர்ந்தது. சில நாள் காலையெல்லாம் இறக்கை அடித்தும், காற்று அதைக் கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து போட்டது. மறுநாளும் போனது.

உயரத்தில் வட்டமிட்டபடி கூரன் கத்தும். “என்னம்மா, இன்னும் சேறுதானா? நான் பாதியைத் தாண்டிட்டேன்!”

வெண்ணி மூச்சு வாங்க இறக்கையை அடித்துக்கொண்டிருக்கும்.

கூரன்தான் முதலில் நூறு நாழிகையை முடித்தது. கூட்டத் தலைவி ஆலா அதையே முன்பறவையாக அமர்த்திக்கொண்டது. வெண்ணி நூறை முடித்துக்கொண்டு போனபோது, “இடம் போய்விட்டதே! வேண்டுமானால் கடைசி வரிசையில் வா” என்றது ஆலா.

வெண்ணி சரி என்றது.

கூட்டம் கிளம்பியது. கரை மறைவதற்குள் வானம் கறுத்தது. கூரன் இறக்கையை விரித்துக் காத்திருந்தது. குளிர்ந்த கடலிலிருந்து சூடான காற்று எங்கே வரும்? அதன் உடல் கீழே, கீழே போயிற்று. பதறி இறக்கையை அடித்தது. கொஞ்ச நேரத்தில் தோள் ஓய்ந்தது. வரிசை கலைந்தது. குஞ்சுகள் அலறின.

“தூக்கவே மாட்டேங்குதே!” என்று கூரன் கதறியது.

“தண்ணீரில் உட்கார். மூச்சு வந்ததும் கரைக்குத் திரும்பு” என்றது ஆலா. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது: “எத்தனை நாழிகை பறந்தோம் என்பதைவிட, எந்தக் காற்றில் பறந்தோம் என்பதே கரை சேர்க்கும்!”

வெண்ணி கடைசி வரிசையிலிருந்து முன்னால் வந்து, மழைக்கு நேராக அலகை நீட்டி, இறக்கையை அடித்தது.