பின்னனின் விழாத கொம்பு

அந்தக் காலத்தில், மான்களும் செந்நாய்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மாயாற்றங்கரைப் புள்ளிமான்கள் எதையும் ஒன்றாகவே செய்தன. முதல் மழை இடித்துப் பெய்த மறுநாள் ஆண்மான்களுக்கெல்லாம் கொம்பு விழுந்துவிடும். கரையெங்கும் கொம்பாகக் கிடக்கும். பெண்மான்கள் குட்டி போடுவதும் அப்படித்தான், எல்லாம் ஒரே சமயத்தில்.

அந்தக் கூட்டத்தில் பின்னன் என்று ஒரு மான் இருந்தான். மற்றக் குட்டிகள் துள்ளி விளையாடத் தொடங்கிய பிறகுதான் அவன் பிறந்தான். அவனுக்குக் கொம்பு முளைத்ததும் தாமதம். அந்த வருஷம் முதல் மழை பெய்து எல்லோருக்கும் கொம்பு விழுந்துவிட்டது. பின்னனுடையது அசையவே இல்லை.

கூட்டத்தின் தலைவன் ஓங்கனுக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை மொட்டைத் தலைகளுக்கு நடுவே நீ மட்டும் என்னடா? போ, அந்த வேங்கை மரத்தில் மோதி உடைத்துப் போடு."

பின்னன் மோதிப் பார்த்தான். நெற்றிதான் வீங்கியது. "என்னால் முடியாது அண்ணே. விழுகிறபோது விழட்டும்."

"அப்படியானால் விழுந்த பிறகு வா. அதுவரை அக்கரையில் இரு."

பின்னன் தலை குனிந்து ஆற்றைக் கடந்தான். அக்கரைப் புல் நன்றாகத்தான் இருந்தது. அவன் மேயாமல் இக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கொம்பு விழும் நாள் செந்நாய்களுக்கும் தெரியும். வருஷா வருஷம் அதற்காகவே காத்திருப்பார்கள். அன்று மத்தியானம் செந்நாய்த் தலைவி காரி தன் கூட்டத்தோடு வந்தாள். மான்கள் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒடுங்கின. எதிர்த்து முட்ட ஒருவனிடமும் கொம்பில்லை. குட்டிகள் தாய்மாரின் வயிற்றுக்கடியில் நுழைந்தன.

பின்னன் அக்கரையிலிருந்து பார்த்தான். அவன் ஓடிப் போயிருக்கலாம். ஆனால் தண்ணீரில் குதித்து நீந்தி வந்து, பாறையோரத்துக் குறுகலான வழியை மறித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தி நின்றான்.

காரி திகைத்துப்போனாள். "இன்று கொம்பு விழும் நாள் இல்லையா?"

"அது இவர்களுக்கு."

"உனக்கு எப்போது?"

"எனக்கே தெரியாது அக்கா."

ஒரு செந்நாய் அவன் மேல் பாய்ந்தது. கொம்பில் மாட்டிக் குட்டிக்கரணம் போட்டு ஆற்றில் விழுந்தது. அடுத்து வந்ததும் அதே ஆற்றில்தான் விழுந்தது. நனைந்தவர்களைக் கரையேற்றிக்கொண்டு காரி திரும்பினாள். "நாள் தெரியாத மானை வைத்துக்கொண்டு எப்படி வேட்டையாடுவது?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

ஓங்கன் வந்து பின்னனின் வீங்கிய நெற்றியை நக்கிக் கொடுத்தான். "நல்லவேளை, நான் சொன்னதை உன் கொம்பு கேட்கவில்லை" என்றான்.

பிறகு கூட்டத்தில் ஒரே கலகலப்பு. "எனக்கு நாவல் பழுக்கும்போது விழட்டும்" என்றது ஒரு மான். "எனக்கு மூங்கில் குருத்துவிடும்போது" என்றது இன்னொன்று. ஒரு பெண்மான், "நெல்லிக்காய் உதிரும் காலத்தில் குட்டி போட்டால் எனக்குச் சாப்பாட்டுக் கவலையில்லை" என்றது.

"ஆளுக்கொரு காலம் சொன்னால் நான் எதையடா நினைவில் வைப்பது?" என்று கேட்டான் ஓங்கன்.

"உங்களுடையதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்றான் பின்னன்.

இன்றும் எந்த மாதம் காட்டுக்குப் போனாலும், ஒரே கூட்டத்தில் ஒரு புள்ளிமானுக்கு முற்றிய கொம்பு இருக்கும், பக்கத்தில் ஒன்றுக்குப் பட்டுத்தோல் போர்த்திய இளங்கொம்பு இருக்கும், இன்னொன்று மொட்டைத் தலையோடு மேயும். தாயின் காலடியில் எங்காவது ஒரு புதுக்குட்டியும் நிற்கும். அந்த மழைக்காலத்திலிருந்துதான் இப்படி.