வார்டன் வீட்டு அடுப்பு

வார்டன் வைத்தியலிங்கம் கறுப்பு அங்கி மாட்டினால் அந்தப் பழைய கல்லூரியின் கல்தூண்கூட ஒதுங்கி நிற்கும். வருஷாவருஷம் முதல் நாள் புதுப் பையன்களை நிறுத்திவைத்து அவர் முழங்குவது ஒரு சடங்கு: "இனி உங்களுக்கு அப்பாவும் நான்தான், அம்மாவும் நான்தான்."

பொங்கலுக்கு விடுதியைப் பூட்டினார்கள். தாய் தகப்பன் இல்லாத செங்கோடன் மட்டும் பெட்டியோடு நின்றான்.

"இங்கே ஒருத்தரும் தங்கக் கூடாது. பண்டிகைக்கு அவனவன் அப்பா அம்மாகிட்ட போய்ச் சேரணும்" என்று வார்டன் விரட்டினார்.

"சரிங்க சார்" என்று அவனும் நடந்தான்.

சாயங்காலம் வார்டன் வீட்டுக் கதவைத் தட்டினான். தனியாக இருந்தும் அங்கியைக் கழற்றாமல் அவர் வந்து திறந்தார்.

"இங்கே எதுக்குடா வந்தே?"

"அப்பாகிட்ட போகச் சொன்னீங்களே சார். வந்துட்டேன்."

வார்டன் உள்ளே அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி செத்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை. அவருக்கும் விடுதிச் சாப்பாடுதான். விடுதியைப் பூட்டியதில் அவரும் காலையிலிருந்து பட்டினி.

"சமைச்சுப்போட இங்கே யாரும் இல்லையேப்பா" என்றார், குரல் இறங்கி.

"அம்மாவும் நீங்கதானே சார்."

வார்டன் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அரிசி டப்பாவைத் தேடப் போனார்.