கொடியேற்றத்தன்று பதிந்த பாட்டு

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர், தூத்துக்குடிக் கோயிலொன்றின் பாடற்குழுவில் நெடுநாள் ஆர்மோனியம் வாசித்த பிளாரன்ஸ் மச்சாது அம்மையார். கேட்டது 2011ஆம் ஆண்டுத் தவக்காலத்தில். கதையில் வரும் பாட்டைப் பாடிக்காட்ட அவர் இசையவில்லை. அது திருவிழாப் பாட்டாம். தவக்காலத்தில் வாயில் வரலாகாதாம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கஸ்பார், நாற்பது வயது கடந்தபின் கிதார் பயில வந்தவர். கற்பித்த டெல்பின் டீச்சர் அவரைவிட இளையவர். ஒவ்வொரு வாரமும் பாடம் முடிந்ததும் கஸ்பார் கேட்பார்:

"இப்பவாவது தேறிட்டேனா டீச்சர்?"

கேட்டுக் கேட்டு அலுத்த டீச்சர் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார்.

"வாரா வாரம் அளந்து பாத்தா ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. வருஷத்துக்கு ஒருக்கா, கொடியேத்தத்தன்னைக்கு, ஒரே மாதா பாட்ட வாசிச்சு கேசட்டுல பதிஞ்சு வையுங்க."

கஸ்பார் வாசித்தார், மனைவி ரொசாலி பாடினார். ஆண்டுகள் சென்றன. கேசட்டுகள் எத்தனை என்பதில் கதை சொல்பவர்கள் ஒத்துப்போவதில்லை. பிஸ்கட் டப்பா ஒன்று நிறைந்தது என்பதில் மட்டும் வேறுபாடில்லை.

பின்னர் ரொசாலி இறந்தார். அடுத்த கொடியேற்றத்தன்று கஸ்பார் தனியாக வாசித்துப் பதிந்தார்.

ரொசாலி இறந்த முதலாண்டு நினைவுப் பூசை நெருங்கியது. அன்று அந்தப் பாட்டைத் தாமே வாசிக்க வேண்டும் என்பது கஸ்பாரின் ஆசை. ஒத்திகையில் பாடற்குழுத் தலைவன் விக்டர் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"நடுவுல நிப்பாட்டிருதீய மாமா. கொயரு முட்டிக்கிட்டு நிக்கி. நாங்க கீபோர்டுல வாசிச்சுக்கிடுதோம்."

மறுநாள் கஸ்பார் கிதாரையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பலகாரமா?"

"கேசட்டு. எல்லாத்தையும் வரிசையாக் கேட்டுட்டு வாரேன். மொத வருஷம் எங்க நின்னேனோ, இந்த வருஷமும் அங்கதான் நிக்கேன். நான் ஒண்ணும் தேறல டீச்சர். பூசைக்குக் கீபோர்டே இருக்கட்டும். கித்தார உங்ககிட்ட படிக்கிற பிள்ளையளுக்குக் குடுத்துருங்க."

அவர் சொன்ன இடம், பாட்டில் 'தாயே' என்ற சொல் வருமிடம். அங்கே எஃப் என்னும் கார்டு விழ வேண்டும். சுட்டுவிரலைக் கம்பிகள் அனைத்தின் மீதும் கிடத்தி அழுத்தினால்தான் அது எழும். கிதார் பயில்வோர் பெரும்பாலும் முதலில் இடறுவது அதில்தான்.

டீச்சர் கிதாரை எடுத்துக் கஸ்பாரின் மடியிலேயே திரும்ப வைத்தார்.

"ஈஸ்டர் பாட்டு வாசியுங்க."

"அதுல எடத்துக்கு எடம் எஃப் வருமே."

"வரட்டும். கிரேன் ஓட்டுன கைதானே?"

வாசித்தார். ஓரிடத்திலும் கை நிற்கவில்லை. கஸ்பார் தம் விரல்களைப் பார்த்தார்.

"அப்ப மாதா பாட்டுல மட்டும் ஏன் நிக்கி?"

டீச்சர் முதல் ஆண்டுக் கேசட்டைப் போட்டார்.

கிதார் 'தாயே' வரை வந்து நின்றுவிட்டது. கம்பிகள் கரகரத்தன. ரொசாலியின் குரல் நிற்கவில்லை. 'தாயே' என்பதை இழுத்தபடியே இருந்தது; எஃப் ஒலித்த பிறகே அடுத்த சொல்லுக்குப் போனது. பாட்டின் முடிவில் அவரது சிரிப்பு.

"விரல் வந்துட்டா? எனக்கு மூச்சு முட்டிப்போச்சு!"

டீச்சர் நடுவிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். இப்போது எஃப் உரிய நேரத்தில் விழுந்தது. ரொசாலியோ பழகிய பழக்கத்தில் பழைய அளவுக்கே இழுத்தார். அவர் முடிக்கும்வரை கிதார் பொறுத்திருந்தது.

கடைசிக் கேசட்டில் குரல் இல்லை. 'தாயே' வரவேண்டிய இடத்தில் எஃப் தெளிவாக விழுந்தது. பிறகு நாடா ஓடும் ஓசை மட்டும். அதன்பின் கிதார் தொடர்ந்தது.

கஸ்பார் டேப் ரெக்கார்டரை நிறுத்தினார்.

"இதத் திருத்திரணுமா டீச்சர்?"

"விரல் எப்பவோ வந்துட்டு அண்ணாச்சி. நீங்க யாரு வரணும்னு நிக்கீய?"

பிளாரன்ஸ் அம்மையார் கதையை இங்கே முடித்துக்கொண்டார். மணப்பாடு என்ற ஊரில் நான் கேட்ட வடிவத்தில், கஸ்பார் கிதாரை டீச்சரிடமே விட்டுவிட்டு டப்பாவை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். பாடற்குழுவில் இருந்த ஒருவர் சொன்னது வேறு: பூசையன்று கஸ்பாரே வாசித்தார், முதல் சரணத்தின் 'தாயே'யில் குழு அவரை முந்திச் சென்று திகைத்தது, இரண்டாம் சரணத்தில், விக்டர் உட்பட, எல்லாரும் அவரோடு நின்றார்கள்.

எது மூலம் என்று துணிந்து கூற என்னிடம் சான்றில்லை. அண்மையில் அந்தத் தூத்துக்குடிக் கோயில் திருவிழாவில் அந்தப் பாட்டைக் கேட்டேன். கஸ்பாரை அறியாத இளையோர் பாடினார்கள். 'தாயே' என்றதும் எல்லாரும் ஒருங்கே நின்று, பின்பு தொடர்ந்தார்கள். ஏன் அங்கே நிறுத்துகிறீர்கள் என்று பாடிய பெண்ணொருத்தியைக் கேட்டேன்.

"நிறுத்தலையே சார்," என்றாள். "பாட்டே அப்படித்தானே."